அவர் மேல் கோபம், காட்டெருமைக்குப் பயம்

குன்னூரில் சாயங்காலம் வீட்டிலேயே இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள், அப்புறம் சீசனுக்கு முன்னால் டூரிஸ்ட்களிடம் பேசிப் பழக வேண்டும் என்று டாக்ஸி ஓட்டும் அண்ணன்கள் சிலர். எல்லாரும் தடுக்கி விழும் இடம் ப்ரிபொசிஷன்தான், அதாவது 'இன்', 'ஆன்', 'அட்' மாதிரி சின்ன வார்த்தைகள். கைடுகளில் பக்கம் பக்கமாகப் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தமிழில் என்ன உருபு வருகிறதோ அதையே இங்கிலீஷிலும் ஒட்டுகிறோம், முக்கால்வாசித் தப்பு அங்கேதான் பிறக்கிறது.

அவர் மேல் கோபம் என்பதால் 'ஆங்ரி ஆன் ஹிம்' என்று எழுதுகிறார்கள். 'ஆங்ரி வித் ஹிம்' என்றுதான் வர வேண்டும். இங்கே தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டெருமை ரோட்டுக்கே இறங்கி வருவதால் கட்டுரை நோட்டிலும் அது அடிக்கடி வரும். காட்டெருமைக்குப் பயம், அதனால் 'அஃப்ரெய்ட் ஃபார் த பைசன்' என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அப்படி எழுதினால், பாவம் அந்தக் காட்டெருமைக்கு என்ன ஆகுமோ என்று இவன் கவலைப்படுவதாக ஆகிவிடும்! 'அஃப்ரெய்ட் ஆஃப்' போட வேண்டும். இதையெல்லாம் தனி 'ஆஃப்', தனி 'வித்' என்று படிக்காமல், முன்னால் வரும் வார்த்தையோடு சேர்த்து ஜோடியாக எழுதிவைத்தால் சீக்கிரம் பழகிவிடும். சிலதுக்கு ஜோடியே கிடையாது: 'ரீச்ட் ஊட்டி'தான், நடுவில் 'டு' வேண்டாம். 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்'டும் வேண்டாம்.

இடத்துக்கு நமக்கு 'இல்' ஒன்றே போதும், பஸ்ஸில், காரில், ஸ்டேஷனில். அவர்களுக்குப் போதாது. எழுந்து நடக்க முடிகிற வண்டி என்றால் 'ஆன்', அதனால் 'ஆன் த பஸ்'. உள்ளே ஏறி உட்கார்ந்தே வரும் சின்ன வண்டி என்றால் 'இன்', அதனால் 'இன் த கார்'. இப்படிச் சொன்னதும் ஒரு டிரைவர் அண்ணன் மடக்கினார்: "நம்ம மலை ரயிலில் எங்கே டீச்சர் நடக்கிறது? சைடு கதவு வழியா ஏறினா உட்கார வேண்டியதுதானே?" நல்ல கேள்வி. நடக்க இடமில்லாவிட்டாலும் ரயில் என்றால் 'ஆன்'தான், ஆட்கள் டிக்கெட் வாங்கி ஏறும் பொது வண்டி இல்லையா.

நேரத்துக்கும் அந்த ரயிலே உதவும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்புகிறது: 'அட் 7.10'. ஞாயிற்றுக்கிழமை போகிறோம்: 'ஆன் சண்டே'. ஊட்டி வரை பாதை வந்தது 1908இல்: 'இன் 1908'. மழை ரெண்டு நாளாகப் பெய்தால் 'ஃபார் டூ டேஸ்', திங்கட்கிழமையிலிருந்து பெய்தால் 'சின்ஸ் மண்டே'.

வார இறுதிக்கு மட்டும் சண்டை போடாதீர்கள். பிரிட்டிஷ்காரர்கள் 'அட் த வீக்எண்ட்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'ஆன் த வீக்எண்ட்' என்பார்கள். ஊட்டி பிரிட்டிஷ்காரர்கள் வளர்த்த ஊர், கொடைக்கானலில் 1845இல் முதலில் வீடு கட்டியது அமெரிக்க மிஷனரிகள். எந்த மலைக்குப் போகிறீர்களோ அந்த வழக்கப்படி எழுதிக்கொள்ளுங்கள், மார்க் குறைத்தால் என்னிடம் அனுப்புங்கள்.