அப்பா நிறுத்திய மாத்திரை

போன ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் அடித்த மழையில் எங்கள் சம்பா முழுக்க மூழ்கிவிட்டது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடை. வடிகால் பூரா வெங்காயத்தாமரை. மூன்றாம் நாள் ராத்திரி அப்பா மண்வெட்டியோடு போய் இரண்டு மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில் நின்று தாமரையை இழுத்துப் போட்டு, வரப்பை வெட்டிவிட்டு வந்தார். விடியும்போது வாந்தி. எழுந்து நின்றவர் திண்ணையிலேயே சரிந்துவிட்டார். கை சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தால் 80-க்கு 50.

மாரடைப்பு என்றுதான் நாங்கள் பயந்தோம். டாக்டர் அப்பாவின் முகத்தையும், லேசாக இடித்தாலே கன்றிப்போகும் கைத்தோலையும் பார்த்துவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். அம்மாவுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. முட்டி வலிக்கு ஒருவர் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை, பெயர் கிடையாது, ஒரு வருஷமாகத் தினமும். வலி பறந்துபோய், நன்றாகப் பசித்து, முகமும் வட்டமாகப் பூசினாற்போல் ஆகிவிட்டதால் தெம்பாக இருக்கிறார் என்றுதான் ஊரே சொன்னது. டவுனுக்குப் போக முடியாமல் தீர்ந்துபோய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அது ஸ்டீராய்டு.

ரத்தம் எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் சலைனும் போட்டார்கள். சாயந்திரம் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். அந்த ஒரு ஊசி என்ன செய்தது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கமே வரவில்லை.

பயமோ, காய்ச்சலோ, அடிபட்டதோ, எதுவானாலும் முதலில் நரம்பு வழியாக அட்ரினலின் சில நொடிகளில் வந்துவிடுகிறது, நெஞ்சு படபடப்பது அதனால்தான். அதற்குப் பின்னால் மெதுவாக இன்னொன்று கிளம்புகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனை விட, அது பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய்ச் சேர, பிட்யூட்டரி வேறொன்றை ரத்தத்தில் விட, சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசோலைச் சுரக்கிறது. மேட்டூரில் திறந்து, கல்லணையில் பிரிந்து, எங்கள் வாய்க்காலுக்கு வருகிற மாதிரி. ஆனால் இங்கே நாள் கணக்கு இல்லை, இருபது முப்பது நிமிஷத்தில் கார்ட்டிசோல் உச்சத்துக்குப் போய்விடும். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது, பிரஷரைத் தாங்கிப் பிடிப்பது எல்லாம் அதன் வேலை.

என்னை அசத்தியது திறப்பதைவிட மூடுகிற விதம்தான். கார்ட்டிசோல் போதுமான அளவு ஏறியதும் அதுவே மூளைக்குத் திரும்பிப் போய் ஹைப்போதலாமஸிலும் பிட்யூட்டரியிலும் ஒட்டி, போதும் என்று சொல்கிறது. மூளையில் ஞாபகத்துக்கான பகுதியான ஹிப்போகாம்பஸும் சேர்ந்து கடிவாளம் போடும். கீழே மட்டம் பார்த்துவிட்டு, மதகைக் கவனிக்கும் லஸ்கர் ஷட்டரை இறக்குகிறாரே, அதேதான்.

இதில் கார்ட்டிசோலைப் போலவே வேலை செய்யும் அந்த ஸ்டீராய்டு மாத்திரையை உள்ளே விட்டால் என்ன ஆகும்? வெளியிலிருந்து வந்ததா, தன் சுரப்பி கொடுத்ததா என்று மூளைக்குத் தெரியாது. மட்டம் நிறைய இருக்கிறது என்று ஷட்டரை இறக்கியே வைத்திருக்கும். மேலிருந்து உத்தரவு வராததால் அட்ரீனல் சுருங்கிப்போகும், வருஷக்கணக்கில் தண்ணீர் காணாத வாய்க்கால் தூர்ந்துபோவது போல. பத்து நாள் மாத்திரை இல்லாமல் அப்பா எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறார். அந்த ராத்திரி குளிரிலும் பயிர் போய்விடுமே என்ற பதைப்பிலும் உடம்புக்குப் பல மடங்கு கார்ட்டிசோல் வேண்டியிருந்தபோது கொடுக்க ஆள் இல்லை. ஊசியில் வந்த ஹைட்ரோகார்ட்டிசோன் அதே கார்ட்டிசோல்தான்.

ஸ்டீராய்டைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. 1948-இல் பிலிப் ஹெஞ்ச் மூட்டுவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் கொடுத்துப் பார்த்ததற்குப் பின்னால் எத்தனையோ பேர் எழுந்து நடந்திருக்கிறார்கள், 1950-இல் அந்த வேலைக்கு அவரோடு சேர்த்து மூன்று பேருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. எங்களுக்கு ஊசியாக வந்து உயிரைக் காப்பாற்றியதும் அதே வகை மருந்துதான். பெயர் சொல்லாமல் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். பொட்டலத்தோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், சுரப்பி விழிக்க மாதக்கணக்கில் ஆகும்.

அப்பாவுக்குச் சுரப்பி இன்னும் முழுசாக விழிக்கவில்லை. கார்ட்டிசோல் இயல்பாகவே விடியலில்தான் அதிகம் இருக்கும் என்பதால் ரத்தப் பரிசோதனைக்குக் காலை எட்டு மணிக்குப் போய் நிற்கிறோம். காய்ச்சல் வந்தால் மட்டும் டாக்டர் சொன்னபடி மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுக்கிறோம். மற்ற நாளில் காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம், அம்மா பாக்குவெட்டியால் மாத்திரையைச் சரிபாதியாக நறுக்கி, ஒரு பாதியை அப்பா கையில் வைத்து, மறுபாதியைப் பெயர் எழுதிய அட்டைக்குள் போட்டு மூடுகிறார்.