பின்னறை மண்சுவர்

ஜனவரி 12, 2025, ஞாயிறு

பின்னறையின் மேற்குச் சுவர் அடியில் வீங்கி நிற்கிறது. தட்டினால் உள்ளே பொள்ளென்று கேட்கிறது. அப்பா தெஹிவளைக்கு வந்த புதிதில் கட்டிய சுவர் இது. கமுகஞ் சலாகையில் வரிச்சுக் கட்டி, களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அப்பியது. மூன்று வருடத்துக்கு முன் அடியில் வெடிப்பு விட்டபோது, வந்த மேசன் பாஸ் சீமெந்து பூசிவிட்டுப் போனார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

இன்று அந்தப் பூச்சைத் தட்டியதும் பலகை மாதிரி ஒரே துண்டாக விழுந்தது. பின்னால் மண் கூழாகிக் கிடந்தது. வைக்கோல் கறுத்து, குப்பைக் கிடங்கு மணம். அப்பாவின் வேலையை நானே அழுக விட்டேன் என்று மனம் கனத்துப் போயிற்று.

காரணம் இப்போது விளங்குகிறது. களிமண் ஈரத்தில் கொஞ்சம் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். சீமெந்து அதனுடன் அசையாது, மயிரிழை வெடிப்பு விடும். அதன் வழியே மழைநீர் உள்ளே போகும். வெறும் மண்ணாக இருந்தால் அந்த ஈரம் வெயிலில் தானாக வெளியேறியிருக்கும். சீமெந்து மூடி போட்டு அடைத்துவிட்டது.

ஜனவரி 14

பொங்கல். படையல் முடிந்ததும் அம்மாவைக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினேன். யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பொங்கலுக்கு முன் வீடு முழுக்க மெழுகி, வெடித்த இடமெல்லாம் அடைப்பார்களாம். குனிந்து ஒரு கட்டியை எடுத்து நசுக்கிப் பார்த்தா. "பிள்ளை, முதல்ல சுவருக்குத் தண்ணி குடு. காய்ஞ்ச சுவர் புது மண்ணின்ரை தண்ணியைக் குடிச்சுப்போடும், பிறகு ஒட்டாது."

ஜனவரி 19, ஞாயிறு

பிலியந்தலைப் பக்கம் வயலோரத்தில் கிணறு தோண்டிய மண் எட்டு உரப்பை, போன போகத்து வைக்கோல் இரண்டு கட்டு. வைக்கோல் பொன்னிறமாக, ஒடித்தால் சடக்கென்று முறிய வேண்டும். கறுப்புப் புள்ளி விழுந்ததை ஒதுக்கினேன்.

மண்ணில் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பார்க்க, அதை ஹோர்லிக்ஸ் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் குலுக்கி வைத்தேன். மணல் உடனே அடியில் படிந்தது. அதன் மேல் வண்டல். களி படிந்து தண்ணீர் தெளிய ஒரு நாள் எடுக்கும்.

ஜனவரி 25

களி அதிகம் என்று போத்தல் சொன்னதால் சுவரின் மூலையில் மூன்று திட்டுப் பூசிப் பார்த்திருந்தேன். மண்ணும் மணலும் சமபங்கு போட்டது தெரு வரைபடம் மாதிரி வெடித்திருக்கிறது. ஒன்றுக்கு மூன்று போட்டது விரலில் தூளாக வருகிறது. ஒன்றுக்கு இரண்டு நன்றாக நிற்கிறது. ஆற்று மணல்தான். கடல் பக்கத்திலேயே கிடக்கிறது என்று அந்த மணலை அள்ளினால், அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துச் சுவரை எப்போதும் நனைத்துக்கொண்டிருக்கும்.

ஜனவரி 26

காலால் மிதித்துக் குழைத்தோம், நானும் மகனும். ஒரு சாண் வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டாக்கித் தூவித் தூவி மிதிக்க வேண்டும். சுவரிலிருந்து விழுந்த பழைய மண்ணில் அழுகாததையும் அரிதட்டில் அரித்துச் சேர்த்தேன். சுடாத மண் என்பதால் தண்ணீர் பட்டால் மறுபடியும் களியாகிவிடுகிறது. அப்பா குழைத்த மண் வீணாகவில்லை. ஈரச் சாக்குப் போட்டு மூடியாயிற்று, ஒரு வாரம் புளிக்கட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

முழு நாள் வேலை. கெட்டி மண் தட்டுப்படும்வரை சுரண்டினேன். நினைத்ததைவிடப் பெரிய குழி, கிட்டத்தட்ட நான்கு அடி நீளம். இற்றுப்போன இரண்டு வரிச்சை மாற்றித் தும்புக் கயிற்றால் கட்டினேன். குழியின் ஓரங்களை உட்பக்கம் சரித்து வெட்டியதால் புது மண் கொக்கி போட்டதுபோல் பிடிக்கும்.

அப்புறம் தண்ணீர். தெளிக்க, சுவர் இழுக்க, மறுபடி தெளிக்க, மூன்று தரம். நான்காம் தரம்தான் ஈரம் மேலே நின்றது. களியைத் தயிர் பதத்தில் கரைத்துத் தடவி, புளித்த மண்ணை உருண்டை பிடித்து எறிந்தேன். எறிந்தால்தான் வரிச்சின் இடுக்கெல்லாம் போய்ச் சேரும். ஓர் அங்குலத்துக்கு மேல் ஒரே நாளில் ஏற்றக்கூடாது. மேலே கோடு கீறி விட்டேன், அடுத்த பூச்சுக்குப் பிடி வேண்டும். பின்னேர வெயில் நேரே அடிப்பதால் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன்.

பிப்ரவரி 9

குழி நிறைந்துவிட்டது. ஓரத்தில் சின்ன வெடிப்பு வந்தது, நனைத்துத் தேய்த்ததும் மறைந்தது.

மகனைத் தேசிய நூதனசாலைக்குக் கூட்டிப்போனேன். சிகிரியா ஓவியங்களின் பிரதிகள் முன்னால் வெகுநேரம் நின்றேன். 5 ஆம் நூற்றாண்டில் அந்தப் பாறையில் முதலில் பூசியதும் உமி கலந்த களிமண்தான், வண்ணம் அதற்குப் பிறகுதான். மகனிடம் சொன்னேன். அவன் தன் கால்நகத்தில் இன்னும் போகாத களியைப் பார்த்தான்.

பிப்ரவரி 23

அரித்த மண்ணில் மெல்லிய மேற்பூச்சு, அது காய்ந்த பின் சுண்ணாம்பு. பால் பதத்தில் கரைத்து மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. அடிக்கும்போது சுவர் சாம்பலாகத்தான் தெரியும், காயக் காய வெளுக்கும்.

மார்ச் 23

பின்னேரம் இடியோடு நல்ல மழை. விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் கறுத்திருந்தது. இரவு எட்டு மணிக்கு டோர்ச் அடித்துப் பார்த்தால் பாதி வெளுத்துவிட்டது. தட்டினேன், கெட்டியான சத்தம்.

ஈரம் எங்கிருந்து என்றும் தெரிந்துவிட்டது. கூரைப் பீலியின் மூட்டு ஒழுகி, நிலத்தில் தெறித்துச் சுவரில் படுகிறது. நாளைக்கு ஏணி எடுக்க வேண்டும். மிஞ்சிய மண்ணை வட்டுத் தட்டிக் காயவைத்து வாளியில் போட்டிருக்கிறேன்.