தராசுக்கு மேலே ஒரு கை

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுப்பவருடைய வேலை தராசு முள் காட்டுவதைப் படித்துச் சொல்வது. மனம்போல கிலோ வெட்டுவது அவருடைய உரிமை இல்லை. இலங்கை மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத் தோட்டங்களில் "சாக்குக்கு, ஈரத்துக்கு" என்று ஒவ்வொரு நிறுவைக்கும் 2 கிலோ கழித்தால் என்ன ஆகும்? நாளுக்கு மூன்று நிறுவை, 6 கிலோ போச்சு. 22 கிலோ பறித்தவருக்குக் கணக்கில் 16. அங்கே ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு 18 கிலோ என்றால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் வேலையென்றுதான் பதிவு. முழு நாள் மலையேறி இறங்கியவருக்குப் பாதிச் சம்பளம்!

கழிவே கூடாது என்று சொல்லவில்லை. மழையில் நனைந்த கொழுந்தில் தண்ணீர் ஒட்டும், சாக்கும் கனக்கும். ஆனால் அதையும் நிறுத்துத்தான் கழிக்க வேண்டும். வெறும் சாக்கைக் கொக்கியில் மாட்டச் சொல்லுங்கள். காய்ந்ததை ஒரு தடவை, நனைந்ததை ஒரு தடவை. வருகிற எடை எதுவோ அதுதான் சாக்குக் கழிவு. கொக்கி வெறுமையாக இருக்கும்போது முள் பூச்சியத்தில் நிற்கிறதா, சாக்கு ஆடி அடங்கிய பிறகுதான் படிக்கிறார்களா என்றும் பாருங்கள். நிறுத்த எடை, கழித்த எடை இரண்டையும் அங்கேயே கொப்பியில் எழுதுங்கள். மாதக் கடைசியில் ஞாபகத்தை வைத்துப் பேசினால் எடுபடாது.

தராசில் சந்தேகமென்றால் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களம். சம்பளக் குறைவென்றால் தொழில் அலுவலகம். நாலைந்து பேராகப் போங்கள்.

ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணிமார், தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி அவரைப் பிடியில் வைத்திருந்த துண்டு முறை 1921இலேயே சட்டப்படி ஒழிந்தது. அந்தப் பிடி தராசு வழியாகத் திரும்பி வர விடக்கூடாது.