ஐஸ் கணக்கு

மார்ச் 28
பயாப்சி ரிப்போர்ட் வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியை முழுசாக எடுத்தாயிற்று, நிணநீர்க் கணு எதிலும் நோய் இல்லை, இரண்டாம் நிலைதான். அப்புறம் எதற்குக் கீமோ? ஆபரேஷனில் கிடைத்த கணுக்கள் ஒன்பதுதானாம். குறைந்தது 12 பார்த்தால்தான் 'இல்லை' என்பதை நம்பலாம் என்றார் டாக்டர். போதாததற்கு நான் குடல் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்த கேஸ். சரி, பார்த்துவிடலாம்.

ஏப்ரல் 4
ஆக்ஸாலிப்ளாட்டின் என்ற கீமோ மருந்து டிரிப்ஸில் இரண்டு மணி நேரம் ஏறியது. வீட்டுக்குக் கேபசிடபின் என்ற கீமோ மாத்திரை: காலையும் இரவும், சாப்பிட்ட அரை மணிக்குள், 14 நாள், பிறகு ஒரு வாரம் லீவு. "அண்ணா, இந்த மருந்துக்குக் குளிர் ஆகாது, ஃப்ரிட்ஜ் பக்கமே போகாதீங்க" என்றது நர்ஸ் பெண். காசிமேட்டில் மீன் வாங்கி விற்கிறவனிடம்!

ஏப்ரல் 6
ஏலத்துக்குப் போனேன். பழக்கதோஷத்தில் ஒருவர் ஐஸிலிருந்து ஒரு சங்கராவை எடுத்துக் கையில் வைத்தார். கரண்ட் அடித்த மாதிரி விரலெல்லாம் சுரீர். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும், ஆனால் நிஜமாக மூச்சுக்குழாய் அடைக்காது, பயப்படாமல் வெந்நீர் குடிக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வீட்டில் மனைவி மோரைக்கூட வெதுவெதுப்பாக்கித்தான் தருகிறாள். குடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும்.

ஏப்ரல் 15
மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. 61 நாள் விசைப்படகு போகாது. வருஷா வருஷம் திட்டுவேன், இந்த வருஷம் தோதாக வந்திருக்கிறது.

ஏப்ரல் 25
இரண்டாவது டிரிப்ஸ் இன்றைக்கு இல்லை. வெள்ளை அணு குறைவு, ஒரு வாரம் தள்ளிவிட்டார்கள். தண்டையார்பேட்டை அத்தை பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்தார். டாக்டரைக் கேட்காமல் தொட மாட்டேன் என்றதும் முகம் சுண்டிப்போயிற்று. கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் கிளம்பி வர வேண்டும், அதுதான் முக்கியமாம்.

மே 2
ஏறியாயிற்று. உள்ளங்கை சிவந்திருக்கிறது, க்ரீம் கொடுத்தார்கள். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா என்று ஒவ்வொரு முறையும் டாக்டர் கேட்கிறார். விரல் மரத்துப்போவது தங்கிவிட்டால் மருந்தின் அளவைக் குறைப்பார்களாம். எனக்கோ லுங்கி, டி-ஷர்ட். செவுளைத் திறக்க முடிகிறதா என்று கேட்டால் உடனே சொல்வேன்: முடிகிறது.

இனித் தள்ளிப்போகாவிட்டால் நான்காவதும் கடைசியுமான டிரிப்ஸ் ஜூன் 13. தடை முடிவது 14. முதல் மீன் வரத்துக்கு மச்சானைத்தான் அனுப்ப வேண்டும். பெட்டிக்கு எவ்வளவு ஐஸ் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். அவன் அதில் ரொம்ப மோசம்.