கொள்முதல் களத்தில் ஒரு நாடகம்

மே 16

நாடகத்தை எங்கே போடுவது என்ற பேச்சிலேயே இன்றைய கூட்டம் முடிந்துவிட்டது. கோயில் வாசலில் போட்டால் காலனி ஆட்கள் தூரத்தில் நின்றபடியே பார்த்துவிட்டுப் போவார்கள். காலனியில் போட்டால் மேலத்தெருவிலிருந்து ஒரு பொடிசுகூட வராது. கடைசியில் நெல் கொள்முதல் நிலையத்துக் களம் என்று முடிவானது. அறுவடை நேரத்தில் இரண்டு தெருவும் மூட்டையோடு காத்துக் கிடக்கிற இடம். இப்போது காலியாக இருக்கிறது. சிமெண்ட் தரை, ஒரு விளக்குக் கம்பம். போதும்.

மே 19

கதை நடவுக்கூலி: ஆணுக்குக் கொடுப்பதைவிடப் பெண்ணுக்குக் குறைவு. வடிவம் ஃபோரம் தியேட்டர், பிரேசில்காரர் அகஸ்டோ போவால் 1970-களில் வளர்த்தெடுத்தது. ஒரு அநியாயத்தை நடித்துக் காட்டித் தோல்வியில் முடிக்க வேண்டும். அப்புறம் அதையே முதலிலிருந்து போடும்போது, பார்க்கிறவர் யாரும் ‘நிறுத்து’ என்று சொல்லிவிட்டு, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு மாதிரி முயன்று பார்க்கலாம். மேற்கு வங்கக் கிராமங்களில் ஜன சம்ஸ்கிருதி என்ற நாடகக் குழு 1985-இலிருந்து இதைச் செய்துவருகிறது. சமத்துவம் என்று வசனம் பேசி, கைதட்டு வாங்கி, வேனில் ஏறிப் போகிற நாடகங்கள் எனக்கு அலுத்துவிட்டன.

இந்தப் பக்கம் கூலி லேசான பேச்சு இல்லை. 1968 டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்ததும் கூலித் தகராறுதான். பெரியவர்கள் அதை மறக்கவில்லை.

மே 23

எங்கள் குழுவில் ஒரு திருநங்கை இருக்கிறார். அவருக்குக் காமெடி வேஷம் கொடுத்தால் கூட்டம் சேரும் என்றார் ஒருவர். “சிரிக்க வச்சது போதும்ண்ணே. கூலி குடுக்குற அம்மா வேஷம் குடுங்க” என்றார் அந்தத் தோழி. மேலட்டூர் பாகவத மேளா நாடகத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டினால் ஊருக்கே பெருமை. இவர் பெண்ணாக நடிப்பதற்கு மட்டும் என்ன தயக்கம்? கொடுத்துவிட்டோம். ஒத்திகையில் இடுப்பில் சுருக்குப்பையைச் செருகிக்கொண்டு, எச்சில் தொட்டு நோட்டை எண்ணினார் பாருங்கள், அசல் பண்ணை வீட்டு அம்மா.

மே 30

நேற்று ராத்திரி போட்டோம். எதிர்பார்த்தபடியே தெருவாரியாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். ஆரம்பிக்கும் முன் ஒரு விளையாட்டு வைத்தோம்: நாற்றுப் பறிக்கிறவர்கள் இந்தப் பக்கம், நடுகிறவர்கள் அந்தப் பக்கம். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து மாறினார்கள். நடுகிற பக்கத்தில் இரண்டு தெருப் பெண்களும் இருந்தார்கள்.

இரண்டாம் ஆட்டத்தில் ஓர் அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

“அம்மா, ஆம்பளைக்குக் குடுக்குறதை எங்களுக்கும் குடுங்க.”

“நாத்துப் பறிக்கிறது வேற, நடுறது வேற.”

“அப்ப நாளைக்கு அவங்களையே வந்து நடச் சொல்லுங்க.”

“நடவு மெஷினைக் கூப்பிட்டுக்குறேன்.”

“மெஷின் சேத்துல மாட்டுனா யாரு தள்ளுறது? நீங்களா?”

களமே சிரித்தது. சம ஊதியம் பற்றிய சட்டம் ஒரே மாதிரியான வேலைக்குத்தான் சம கூலி கேட்கிறது. ‘வேலை வேற’ என்ற ஒற்றை வாதத்தில் அதைத் தட்டிவிட முடிகிறது. அந்த இடுக்கை அந்த அக்கா சரியாகப் பிடித்துவிட்டார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு கிழவி, “வங்காளத்து ஆளுங்க வந்து நட்டுட்டுப் போயிடுவாங்கடி” என்றார். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. இரண்டு தெருவும் சேர்ந்து போய்க் கேட்கலாம் என்றார் மேலத்தெருப் பெண் ஒருவர். “கேக்கலாம், முன்னால யாரு நிப்பா?” என்று காலனிப் பக்கத்திலிருந்து உடனே கேள்வி வந்தது. அங்கேதான் முட்டிக்கொண்டது. அதைத் தீர்த்துவைக்க நான் போகவில்லை. அது என் வேலையும் இல்லை.

எல்லோரும் திருநங்கைத் தோழியை ‘அம்மா’ என்றே கூப்பிட்டுச் சண்டை போட்டார்கள். ஆட்டம் முடிந்தும் ஒரு பெண் விடவில்லை, கூலி பேசிக்கொண்டே டீக்கடை வரை வந்துவிட்டார்.

ஜூன் 2

அடுத்த ஆட்டத்துக்குக் கதையை மாற்றுகிறோம். பண்ணை வாசலோடு முடிக்காமல், முன்னால் யார் நிற்பது என்ற சண்டையையே ஒரு காட்சியாக வைக்கப்போகிறோம். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் குறுவை வேலையில் யாரும் கிடைக்கமாட்டார்கள், அதற்குள் போட்டாக வேண்டும்.