‘அன்நோன், ஆண், சுமார் 65’: எங்கள் தெரு அண்ணாச்சியை அடக்கம் செய்த கதை

“அவரு பேரு என்ன சார்?” என்று ஸ்டேஷன் ரைட்டர் கேட்டபோதுதான், அது எனக்குத் தெரியாது என்பதே எனக்கு உறைத்தது.

பதினெட்டு வருஷமாக எங்கள் தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவர். தெருவுக்கே அவர் அண்ணாச்சி. என் கல்யாண வேட்டிக்குப் பெட்டி போட்டுக் கொடுத்தவர். பேர் கேட்கத் தோன்றியதே இல்லை.

ஒரு வியாழக்கிழமை ராத்திரி மெயின் ரோட்டில் மயங்கி விழுந்திருக்கிறார். யாரோ புண்ணியவான் 108-க்குச் சொல்லி, அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை. அதனால் சேர்க்கைச் சீட்டில் ‘அன்நோன், ஆண், சுமார் 65’. அன்நோன் என்றால் ஆள் யாரென்று தெரியாதவர். மறுநாள் விடிகாலை போய்விட்டார். எங்களுக்குத் தெரிந்தது திங்கட்கிழமை. மூன்று நாளாக வண்டி தார்ப்பாய் போட்டே கிடக்கிறதே என்று டீக்கடைக்காரர் விசாரிக்கப் போய், ஆம்புலன்ஸில் ஏற்றியதைப் பார்த்த ஆட்டோக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

நான் செய்த முதல் தப்பு, நேரே மார்ச்சுவரிக்குப் போனது. “ஸ்டேஷன் லெட்டர் இல்லாம மொகத்தக்கூட காட்ட முடியாது சார்” என்றார் அங்கிருந்தவர். சரி என்று எங்கள் ஏரியா ஸ்டேஷனுக்குப் போனால், முக்கால் மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, “அவர் விழுந்தது ரோட்டுக்கு அந்தப் பக்கம், அது வேற லிமிட்” என்றார்கள். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே புறக்காவல் நிலையம் ஒன்று இருக்கிறது. இறப்புத் தகவல் எந்த ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறது என்று அங்கே கேட்டிருந்தால் இரண்டே நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நீங்கள் யாராவது போக நேர்ந்தால் முதலில் அங்கே போங்கள். ஐ.பி. நம்பரையும், அதாவது உள்நோயாளியாகச் சேர்க்கும்போது ஆஸ்பத்திரியில் போடும் நம்பரையும், குறித்துக்கொள்ளுங்கள். மற்ற எதை மறந்தாலும் அந்த நம்பரை மறக்காதீர்கள்.

சரியான ஸ்டேஷனில்தான் அந்தப் பேர்க் கேள்வி. அடுத்த கேள்வி, “நீங்க என்ன உறவு?”

“எங்க தெருவுல துணி தேய்ச்சவரு சார்.”

ரைட்டர் பேனாவை மூடி வைத்தார். “ரத்த சொந்தம் வேணும்.”

அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் இருந்தது இரண்டே பாதை. சொந்தக்காரர் வந்தால் கையெழுத்து வாங்கிக்கொண்டு உடலைக் கொடுத்துவிடுவார்கள். ஆளே யாரென்று தெரியாவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது. வழக்குப் பதிவு செய்து, போட்டோ, உயரம், மச்சம், சட்டை நிறம் எல்லாம் போட்டு மற்ற ஸ்டேஷன்களுக்கு அனுப்பி, கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, போஸ்ட்மார்ட்டம் முடித்து, மாநகராட்சி மூலமோ இந்தச் சேவை செய்கிறவர்கள் மூலமோ அடக்கம் செய்துவிடுவார்கள். (2024 ஜூலையில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் வந்ததிலிருந்து அந்த வழக்குக்கு பி.என்.எஸ்.எஸ். 194 என்று பேர். ஸ்டேஷனில் எல்லார் வாயிலும் இன்னும் பழைய ‘ஒன் செவன்ட்டி ஃபோர்’தான்.) அப்படிப்பட்ட உடலை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பின்னாளில் யாராவது தேடி வந்தால் தோண்டி எடுத்துப் பார்க்கலாம் அல்லவா. உரிமை கோராத உடலை மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படிப்பதற்குக் கொடுக்கவும் இடமிருக்கிறது, 1951-ஆம் வருஷத்து உடற்கூறியல் சட்டத்தின்படி.

எங்கள் அண்ணாச்சி இரண்டிலும் சேரவில்லை. ஆளைத் தெரியும், பேர் தெரியாது, சொந்தம் யாரென்று தெரியாது.

வக்கீல் நண்பன் ஒருவன் போனில் உற்சாகமாக ஆரம்பித்தான். கண்ணியம் இறந்த உடலுக்கும் உண்டு என்று 1995-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, வீடற்றவர்களின் உடலை முறைப்படி அடக்கம் செய்வது பற்றி 2002-இல் ஒரு வழக்கு இருக்கிறது என்றெல்லாம். எல்லாம் சரிதான். அதை நான் ரைட்டர் மேஜையில் போய்ச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் நாலு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு வண்டியைத் திறந்தோம். மேலே தேய்த்து மடித்த துணிக்கட்டுகள். பக்கப் பலகையில் சாக்பீஸில் கணக்கு: ‘14பி – 6 சட்டை’. அது என் வீடு. கரிச் சாக்குக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி, அதில் ஓரம் சூட்டில் சுருண்டுபோன வாக்காளர் அட்டை. போட்டோவில் கறுப்பு மீசையோடு வேறு ஒரு ஆள் மாதிரி இருந்தார். பேரை டீக்கடைக்காரர் சத்தமாகப் படித்தார். அப்படி ஒருவரை எங்கள் யாருக்குமே தெரியாது.

விலாசம் தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். அந்த ஊர் ரேஷன் கடைக்காரர் வழியாக, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா மகனைப் பிடித்தோம். இருபத்தைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லையாம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “என்னால வர முடியாதுண்ணே. நீங்களே பாத்துப் பண்ணிருங்க. எங்க வழக்கத்துல பொதைக்கிறதுதான்” என்றார். ஆட்சேபணை இல்லை என்று எழுதி, ஆதார் நகலோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியும்விட்டார்.

வாட்ஸ்அப் செல்லாது, ஒரிஜினல் வேண்டும் என்றார்கள். ஸ்பீடு போஸ்ட்டில் வந்து சேர மூன்று நாள். நடுவில் ஒரு ஞாயிறு. எல்லாம் முடிந்தபிறகு எஸ்.ஐ. சாவகாசமாகச் சொன்னார்: “திருப்பூர்லயே ஒரு ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து அங்கிருந்து அனுப்பச் சொல்லியிருக்கலாமே சார்.” இதை முதல் நாளே சொல்வதற்கு என்ன கேடு?

கடிதம் வந்ததும் முடிந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் எரிச்சலின் உச்சம். ஆஸ்பத்திரிக் காகிதம் முழுக்க ‘அன்நோன்’. என் கையில் இருப்பது பேரோடு வந்த கடிதம். மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் இருந்த அம்மா, “போலீஸ் லெட்டர் வந்தா மாத்துறோம்” என்றார். ஸ்டேஷனில், “ஆஸ்பத்திரி ரெக்கார்டுல என்ன இருக்கோ அதத்தான் நாங்க எழுத முடியும்” என்றார்கள். ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் மும்மூன்று நடை.

அதைத் தீர்த்துவைத்தவர் ஒரு ஏட்டையா. “அடையாளம் காட்டுனதா வாக்குமூலம் எழுதிருவோம், அதுல ‘அன்நோன்’ங்கிறதும் நெசப் பேரும் ரெண்டும் வந்துரும்” என்று என்னையும் டீக்கடைக்காரரையும் மார்ச்சுவரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிரீசரை இழுத்தார்கள். கால் கட்டைவிரலில் நூலில் கட்டிய அட்டை, அதிலும் ‘அன்நோன்’. முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது, எனக்குச் சட்டென்று சந்தேகமாகிவிட்டது. டீக்கடைக்காரர் முகத்தைப் பார்க்கவே இல்லை. இடது முன்கையைக் காட்டினார். பெட்டி சுட்ட தழும்பு, முனை தெரியும்படி, முக்கோணமாக. “இவருதான்” என்றார். தினமும் அந்தக் கை நீட்டும் டம்ளரில் டீ ஊற்றியவர் அவர்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் வாங்கும் ஒவ்வொரு கடிதத்திலும் ‘இன்ன ஐ.பி. நம்பரில் அன்நோன் என்று சேர்க்கப்பட்டு இறந்தவர் இன்னார் என அடையாளம் காணப்பட்டார்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். ஆஸ்பத்திரியின் நிலைய மருத்துவ அலுவலரான ஆர்.எம்.ஓ.வுக்கு ஒன்று, மார்ச்சுவரிக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று. முதல் தடவை மார்ச்சுவரிக் கடிதத்தில் மட்டும் அந்த வரி விட்டுப்போய், எனக்கு அரை நாள் போச்சு. காகிதம் மதியத்துக்கு மேல் போனால் போஸ்ட்மார்ட்டம் மறுநாள்தான் என்று வேறு சொல்லிவிட்டார்கள்.

போஸ்ட்மார்ட்டம் காலையிலேயே முடிந்தது. 155377-க்கு அடித்தோம், இலவச அமரர் ஊர்தி வந்து நின்றது, ஒரு பைசா கேட்கவில்லை.

இடுகாட்டில் கேட்டார்கள். சென்னை மாநகராட்சி மயானங்களில் எரிக்கவும் புதைக்கவும் கட்டணம் கிடையாது. எங்கள் ஊர் கதை வேறு. சுகாதார ஆய்வாளரிடம் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டுதான் போனோம். அங்கே குழி வெட்ட ஐயாயிரம் தனி என்றார்கள். ரசீதைக் காட்டினால், “அது ஆபீசுக்கு, இது எங்களுக்கு” என்று பதில். மூவாயிரத்தில் முடிந்தது. சண்டை போட்டிருக்கலாம், ஆனால் உடல் வண்டியில் காத்திருக்கும்போது யாருக்குச் சண்டை போட வாய் வரும்? கடப்பாரை பிடித்தவருக்கும் மாசச் சம்பளம் கிடையாது என்று பிறகு தெரிந்தது. என் கோபம் யார்மேல் என்று எனக்கே குழப்பம். போகிறவர்கள் தொகையை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

தெருவிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தோம். பொம்பளைகள் இடுகாட்டுக்கு வரமாட்டார்கள் என்பார்கள், பூக்காரம்மா மாலையோடு வந்து நின்றுவிட்டார். டீக்கடைக்காரர் முதல் பிடி மண் போட்டார். அக்கா மகன் வீடியோ காலில் பார்த்தார். ஏதோ மிஷின் ஓடும் சத்தத்தில் அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

இறப்புச் சான்றிதழில் பேர் விழுமா என்பதுதான் என் கடைசிக் கவலை. ஆஸ்பத்திரியில் நடந்த சாவை ஆஸ்பத்திரியே பதிவுக்கு அனுப்பிவிடும். அதற்குக் கெடு 21 நாள். அதற்குள் பேரைத் திருத்தவில்லை என்றால் ‘அன்நோன்’ என்றே பதிவாகி, பிறகு பதிவாளரிடம் திருத்த மனு அது இது என்று இன்னொரு சுற்று. போலீஸ் கடிதத்தை ரெக்கார்ட்ஸில் கொடுத்து, அந்த அம்மா பழைய வரியைச் சிவப்பு மையில் அடித்துப் பேரை எழுதி, ஆர்.எம்.ஓ. கையெழுத்துப் போடும்வரை நகராமல் நின்றேன். பதினாறாவது நாள் அது.

போன வாரம் சான்றிதழ் இணையத்தில் வந்துவிட்டது. அண்ணாச்சி பேர் சரியாக இருக்கிறது. பேரை இங்கே போடவில்லை, அக்கா மகன் வேண்டாம் என்றார். அப்பா பேரில் மட்டும் ‘ன’ வரவேண்டிய இடத்தில் ‘ண’ போட்டிருக்கிறார்கள். வர்ற செவ்வாய்க்கிழமை மறுபடியும் லீவு சொல்லியிருக்கிறேன்.