கொட்டாங்குச்சியில் ஓடும் குதிரை: ஹோலி கிரெயில் குறிப்புகள்

ஏப்ரல் 5, 2025

பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவான மான்டி பைத்தானின் ‘மான்டி பைத்தான் அண்ட் தி ஹோலி கிரெயில்’ படம் வெளிவந்து இந்த மாதத்தோடு 50 ஆண்டு. பிரிட்டிஷ் பழங்கதைகளில் வரும் ஆர்தர் ராஜாவும் அவருடைய வீரர்களும் ஹோலி கிரெயில் என்னும் புனிதக் கிண்ணத்தைத் தேடி அலைகிற கதை. குழுவைச் சேர்ந்த கிரஹாம் சாப்மன்தான் ராஜா. மூடுபனிக்குள்ளிருந்து குளம்போசை வருகிறது, பிறகு ராஜா வருகிறார். குதிரை மட்டும் வரவில்லை. தன் காலிலேயே துள்ளித் துள்ளி வருகிறார். பின்னால் வேலையாள் பாட்ஸி இரண்டு கொட்டாங்குச்சிகளைத் தட்டிக்கொண்டே வருகிறான்.

நிஜக் குதிரைகளுக்குப் பணமில்லை. வானொலி நாடகங்களில் குளம்போசைக்குக் கொட்டாங்குச்சி தட்டுவது பழைய வழக்கம். ஒலிக்கூடத்தில் ஒளிந்திருக்க வேண்டியதை இவர்கள் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால் ஒரு நிமிடச் சிரிப்பு. கோட்டைக் காவலன் அதைக் கவனித்து, குளிர்நாடான இங்கிலாந்தில் தேங்காய் எப்படிக் கிடைத்தது என்று குறுக்கு விசாரணை தொடங்குகிறான். நமக்குத் தேங்காய் கிடைப்பதில் என்ன அதிசயம்? அதனால் அந்த வாதம் நம்மூர்க் கொட்டகையில் அரை விநாடி தாமதமாகத்தான் ஏறும்.

ஏப்ரல் 6

மேடையில் இந்தக் காட்சியைப் போட நினைப்பவர்களுக்கு. நன்கு முற்றிய காயை எடுங்கள்; இளங்காயின் ஓடு மெலிசு, சத்தம் எழும்பாது. நாரைச் சுத்தமாகச் சுரண்டி, கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள். சாமிக்கு உடைப்பதுபோல் தரையில் உடைத்தால் விளிம்பு பல்லுப்பல்லாகப் போய்விடும், இரண்டு மூடியும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஆக்சா பிளேடால் நடுவில் சுற்றி அறுப்பதே சரி. பருப்போடு சில நாள் காயவிட்டால் அது சுருங்கி ஓட்டைவிட்டுக் கழன்று வரும். உச்சி வெயில் வேண்டாம், ஓடு மயிரிழையாக விரிந்துவிடும்; விரிந்த ஓட்டைத் தட்டினால் கரகரக்கும். ஈரம் மிச்சமிருந்தால் சத்தம் மொத்தையாக விழும். கடைசியாக விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினால் கல் பாவிய தெரு. தட்டில் மண் பரப்பி அதன்மேல் தட்டினால் வண்டிப்பாதை. உள்ளே துணியை அடைத்தால் புல்தரை. குதிரை நடந்தால் சம இடைவெளியில் நான்கு தட்டு. மிதமான பாய்ச்சலுக்கு மூன்று தட்டு, ஒரு மௌனம். அந்த மௌனத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் அது குதிரையாக இருக்காது, தச்சு வேலையாகிவிடும். இன்னொன்று: துள்ளுகிறவரின் காலைப் பார்த்துத் தட்டுகிறவர் தட்ட வேண்டும். ராஜா நின்ற பிறகும் ஓடு தட்டினால் சிரிப்பு போச்சு.

ஏப்ரல் 9

பணக் கணக்கு. மொத்தச் செலவு சுமார் 2,29,000 பவுண்டு. ஸ்டூடியோக்கள் கை கொடுக்காததால் பிங்க் ஃபிளாய்ட், லெட் செப்பெலின் போன்ற ராக் குழுக்களின் தரப்பிலிருந்து பணம் வந்தது. அப்போது பிரிட்டனில் உச்ச வருமான வரி 83 சதவீதம். நஷ்டமே வந்தாலும் அவர்களுக்கு அது வரிக்கணக்கில் உதவும்.

1974இல் ஸ்காட்லாந்தில் படப்பிடிப்பு. பல கோட்டைகளுக்குத் தருவதாகச் சொன்ன அனுமதி கடைசி நேரத்தில் மறுக்கப்பட்டது. தனியார் வசமிருந்த டூன் கோட்டை கிடைத்தது. படத்தின் பெரும்பாலான கோட்டைகள் அது ஒன்றுதான்: பிரெஞ்சுக்காரர்கள் மதிலிலிருந்து வசை பாடுவது, ஆர்தரின் கோட்டையான கேமலாட்டின் ஆட்டபாட்டம், கல்யாண வீட்டுக்குள் ஆர்தரின் வீரன் லான்சலாட் வாளோடு புகுவது, எல்லாம் அங்கேதான். கோணத்தை மாற்றுவார்கள், முற்றத்தில் ஆட்களை மாற்றுவார்கள், அவ்வளவுதான். கேமலாட்டின் வெளித்தோற்றம் வெறும் மாதிரி அட்டை. அதையும் மறைக்காமல் பாட்ஸி வாயாலேயே சொல்லவைத்துவிட்டார்கள்.

இல்லாமையை மட்டும் பேசினால் பாதிதான் சொன்னதாகும். டெர்ரி கில்லியம், டெர்ரி ஜோன்ஸ் என்று இயக்குநர் இருவர். சேறு, புகை, அழுக்குப் பல், அசுரத்தனமான குளிர் எல்லாவற்றையும் வரலாற்றுப் படத்துக்குரிய அக்கறையோடு எடுத்திருக்கிறார்கள். வீரர்களின் இரும்பு வளையக் கவசம் உண்மையில் கம்பளி நூலில் பின்னி வெள்ளிப் பூச்சு பூசியது. தூரத்துக்குக் கச்சிதம், மழையில் நனைந்தால் நீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும், எளிதில் காயாது. நடிகர்கள் முகத்தில் தெரிகிற எரிச்சலில் பாதி அதுதான் என்று தோன்றுகிறது. ஜோன்ஸ் பிறகு 1980இல் இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசர் படைத்த வீரனைப் பற்றி ஆய்வு நூலே எழுதினார். சேற்றைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், இது தொலைக்காட்சித் துணுக்காகச் சுருங்கிவிடும்.

ஏப்ரல் 12

ஆர்தரை வழிமறித்துச் சண்டையிடும் கறுப்பு வீரன். கை போகிறது, இன்னொரு கை போகிறது, கால் போகிறது, அவன் விடுவதாயில்லை. ஒற்றைக்காலில் துள்ளும் பகுதிக்கு உண்மையிலேயே ஒரு கால் இல்லாத ஒருவரை நிறுத்தினார்கள், மற்றதில் குழுவைச் சேர்ந்த ஜான் க்ளீஸ். ரத்தம் பீறிடுகிறது, ஆனால் ஆர்தர் பெரும்பாலும் நிதானமாகவே பேசுகிறார். நம் சிரிப்பு அந்த நிதானத்தில் இருக்கிறது. இதை மேடையில் செய்கிறவர்கள் ஆர்தரையும் கத்தவிடுவார்கள். இருவரும் கத்தினால் வெறும் சண்டைக்காட்சிதான் மிஞ்சும்.

துணுக்குச் செய்தி: கில்லியமின் அசைபடத்தில் மேகத்திலிருந்து எட்டிப்பார்க்கும் கடவுளின் முகம், கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸின் புகைப்படம்!

ஏப்ரல் 19

திரையிடுகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. சில டிவிடி பதிப்புகள் வேறொரு கறுப்பு வெள்ளைப் படத்தோடு ஆரம்பிக்கும். தப்பான வட்டைப் போட்டுவிட்டோம் என்று நிறுத்திவிடாதீர்கள், அதுவும் கிண்டல்தான். அடுத்து, எழுத்து ஓடும்போது அரங்கில் பேச்சு நிற்க வேண்டும். போலி ஸ்வீடிஷ் துணைவரிகள், வேலையைவிட்டு நீக்கப்பட்டவர்களின் அறிவிப்பு என்று முதல் நகைச்சுவையே அங்கே நடக்கிறது. தாமதமாக வருகிறவர்களுக்கு அது கிடைக்காது.

மூன்றாவது முடிவு. நடுவில் இக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவரை நிஜக் குதிரையில் வரும் வீரன் வெட்டிவிட்டுப் போகிறான். அந்தக் கொலையை விசாரிக்கும் போலீஸ், பெரும் போர் தொடங்கும் நொடியில் வேனில் வந்து ராஜாவைக் கைதுசெய்கிறது. முதன்முறை பார்க்கிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். என் கணக்கில் அது படத்தின் துணிச்சலான இடம். பெயர்ப்பட்டியல் தொடக்கத்திலேயே ஓடிவிட்டதால் பிறகு கறுப்புத் திரையும் ஆர்கன் இசையும் மட்டும் நீளும். புரொஜெக்டர் பழுதாகிவிட்டது என்று யாராவது விளக்கைப் போடுவார்கள். சுவிட்சுப் பக்கம் நிற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.